பசளைத் தடை: கணக்கில் வராமற்போன செலவுகள்

2021 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தலின் மூலம் இரசாயனப் பசளைகளையும் பீடைநாசினிகளையும் இந்நாட்டுக்கு இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டது. அத்தடை சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டு, அவ்வாண்டின் நவம்பர் மாத இறுதியில் கைவிடப்பட்டது. ஏழு மாதம் கூட நீடிக்காத ஒரு தீர்மானம் எமது வயல்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் சமையலறைகளிலும் ஏற்படுத்திய சேதத்தைப் பற்றி அரசியல் மேடைகளில் நிறையவே பேசப்பட்டுவிட்டது. எனினும், அத்தீர்மானத்தைப் பொருளியல் ஆராய்ச்சியின் கண்கொண்டு நிதானமாக நோக்கும் முயற்சி தமிழில் மிகக் குறைவாகவே நடந்துள்ளது. சுற்றாடல், அரச நிதி, பொதுக்கொள்கை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடத்தில் எவ்வாறு கணக்குப் பார்ப்பது என்பதைக் கற்றுக்கொள்ள இதனை விடச் சிறந்த உதாரணம் எமக்குக் கிடைக்கப் போவதில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டேயாக வேண்டும். இரசாயனப் பசளையால் எமது மண்ணுக்கும் நீருக்கும் கேடு விளைகின்றது என்ற முறைப்பாடு கற்பனையானதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு என்று எதுவும் கிடையாது. சுண்ணாம்புக்கல் படைகளுக்குள் தேங்கி நிற்கும் மழைநீரே குடிநீரும் பாசன நீருமாக இருக்கின்றது. வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு என ஆண்டு முழுவதும் பயிர் செய்யப்படும் தோட்டங்களில் இடப்படும் யூரியாவின் ஒரு பகுதி நைத்திரேற்றாக மாறி, அச்சுண்ணாம்புக்கல்லின் துவாரங்களூடாகக் கிணற்றைச் சென்றடைகின்றது. மலசலகூடக் குழிகளும் இதற்குத் தம் பங்கைச் செலுத்துகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு விதித்துள்ள எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் பல கிணறுகளில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை 1980 கள் முதலாகவே ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டி வந்துள்ளனர். முஸ்லிம் மக்கள் பெருமளவில் வாழும் கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான தோட்ட நிலங்களிலும் இதே பிரச்சினை உண்டு. பால்மாவைக் கரைக்கும் நீரில் நைத்திரேற்று மிகுந்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலை இழக்கும்.

பொருளியலாளர் இதனைப் புறவிளைவு என்பர். பசளையை இடுபவர் அதன் விலையை மட்டுமே செலுத்துகின்றார். கிணற்று நீர் கெடுவதால் ஏற்படும் செலவை அயல்வீட்டுத் தாய் செலுத்துகின்றாள். அச்செலவு எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுதப்படுவதில்லை. இத்தகைய செலவை வரியின் மூலம் பொருளின் விலைக்குள்ளேயே கொண்டுவர வேண்டும் என்பது 1920 இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆர்தர் பிகூ முன்வைத்த கருத்து. நாமோ அதற்கு நேர்மாறான வழியில் அறுபது ஆண்டுகளாகச் சென்று கொண்டிருக்கிறோம். 1962 இல் ஆரம்பிக்கப்பட்ட பசளை மானியம் இடையிடையே வடிவம் மாறி, 2005 இன் ஜனாதிபதித் தேர்தலைத் தொடர்ந்து, 50 கிலோ மூடையொன்று 350 ரூபா என்ற நிலையை அடைந்தது. உலகச் சந்தையில் விலை எவ்வளவு ஏறினாலும் நெற்செய்கையாளருக்கு மூடையின் விலை ஏறவில்லை. கேடு விளைவிக்கக்கூடிய ஒரு பொருளுக்கு வரி விதிப்பதற்குப் பதிலாக, அதனை அளவுக்கு மேல் பயன்படுத்துவோருக்குத் திறைசேரியே பணம் கொடுத்தது என்று கூறினால் மிகையாகாது. நெல்லுக்கெனக் கொடுக்கப்பட்ட மூடைகளில் ஒரு பகுதி மரக்கறித் தோட்டங்களுக்குக் கைமாறியதும் ஊரறிந்த விடயமே.

2016 இல் இம்மானியம் பணமாக வழங்கப்பட்டது. 2018 இல் மீண்டும் மூடையாகியது. 2019 இன் ஜனாதிபதித் தேர்தலில் முன்வைக்கப்பட்ட 'சுபீட்சத்தின் நோக்கு' கொள்கைப் பிரகடனம், பத்தாண்டு காலத்தில் நாட்டைச் சேதனப் பசளைப் பயன்பாட்டுக்கு மாற்றுவதாக உறுதியளித்தது. அப்பத்தாண்டுகள் 2021 இன் சித்திரைக்கும் வைகாசிக்கும் இடையில் சில வாரங்களாகச் சுருங்கிப்போனதன் காரணத்தை வயலில் தேடுவதை விட மத்திய வங்கியின் புள்ளிவிபரங்களில் தேடுவதே பொருத்தமானது. 2019 இன் இறுதியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டு அரச வருமானம் வீழ்ந்தது. சர்வதேசக் கடன் சந்தையின் கதவுகள் மூடப்பட்டன. கொவிட் தொற்றினால் சுற்றுலா வருமானம் இல்லாமற் போயிற்று. 2019 இன் முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த உத்தியோகபூர்வ ஒதுக்கு, 2020 இன் முடிவில் 5.7 பில்லியனாகவும் 2021 இன் முடிவில் 3.1 பில்லியனாகவும் கரைந்தது. பசளை இறக்குமதிக்கு 2020 இல் செலவான தொகை ஏறக்குறைய 260 மில்லியன் டொலர். அதே வேளையில் உலகச் சந்தையில் யூரியாவின் விலை ஏறத் தொடங்கியிருந்தது.

ஆக, மூன்று இலக்குகள் ஒரே கல்லில் வீழ்த்தப்படவிருந்தன. அந்நியச் செலாவணி மிச்சமாகும். மானியச் செலவு ஒழியும். மக்களின் சுகாதாரம் காக்கப்படும். 1969 இல் பொருளியலுக்கான முதலாவது நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட நெதர்லாந்து நாட்டவரான யான் தின்பேர்கன், அரசு எத்தனை இலக்குகளை வைத்திருக்கின்றதோ அத்தனை கருவிகளேனும் அதன் கையில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். டொலர் பற்றாக்குறைக்கு நாணயமாற்று வீதமும் கடன் மறுசீரமைப்பும் கருவிகள். வரவு செலவுப் பற்றாக்குறைக்கு வரி ஒரு கருவி. நிலத்தடி நீர் மாசடைதலுக்கு விலையும் விரிவாக்கல் சேவையும் கண்காணிப்பும் கருவிகள். இம்மூன்றின் வேலையையும் ஒரு தடையுத்தரவிடம் ஒப்படைத்ததால் மூன்றுமே நிறைவேறவில்லை.

தடை எவ்வளவு தூரம் சாத்தியமற்றதாக இருந்தது என்பதை அறிய உயர்ந்த பொருளியல் மாதிரிகள் தேவையில்லை. பெருக்கல் வாய்பாடே போதுமானது. யூரியாவில் 46 வீதம் நைதரசன். நீர்ப்பாசன வயலொன்றில் ஹெக்டேயருக்கு 225 கிலோ யூரியா இடப்படும்போது சுமார் 100 கிலோ நைதரசன் பயிருக்குக் கிடைக்கின்றது. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று அல்லது இரண்டு வீதமே இருக்கும். ஒன்றரை வீதம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அதே 100 கிலோவைப் பெற ஏறக்குறைய 7 தொன் கூட்டெரு வேண்டும். அதுவும் அந்த நைதரசன் முழுவதும் அப்போகத்திலேயே பயிருக்குக் கிடைப்பதில்லை. எரு மெல்ல மெல்லவே உக்கும். பெரும்போகத்தில் விதைக்கப்படும் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேயர் நிலத்துக்கு இக்கணக்கை விரித்தால் சுமார் 50 இலட்சம் தொன் கூட்டெரு தேவைப்படும். நாடு முழுவதிலும் ஓராண்டில் விளையும் நெல்லின் நிறைக்கு ஏறக்குறைய சமமான எருவை ஆறு மாதங்களுக்குள் உற்பத்தி செய்து, வாகனங்களில் ஏற்றி, வயல் வரம்புவரை கொண்டு சென்று சேர்த்திருக்க வேண்டும். எமது கமநல சேவை நிலையங்களின் நிலையை அறிந்த எவரும் இதனை நம்பியிருக்க மாட்டார்கள்.

எருவை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் முயற்சியும் நடந்தது. சீன நிறுவனமொன்றின் கப்பல் கொண்டுவந்த சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கு பயக்கும் பற்றீரியா இருப்பதாக எமது தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் அறிவித்தனர். அந்நிறுவனம் அதனை மறுத்தது. பசளை இறக்கப்படவில்லை. எனினும் 2022 ஜனவரியில் 6.9 மில்லியன் டொலர் அந்நிறுவனத்துக்குச் செலுத்தப்பட்டது. டொலரை மிச்சம் பிடிக்கப் புறப்பட்ட கொள்கையின் கீழ், ஒரு மூடை கூட வயலைச் சேராமலே டொலர் வெளியேறிய கதை இது.

கமக்காரர் இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருந்தனர். 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வெரிட்டே ஆய்வு நிறுவனம் நாடளாவிய ரீதியில் கமக்காரரிடம் நடத்திய கருத்துக் கணிப்பில், 90 வீதமானோர் இரசாயனப் பசளையைப் பயன்படுத்துவதாகவும், 85 வீதமானோர் தமது விளைச்சல் குறையும் என எதிர்பார்ப்பதாகவும் தெரியவந்தது. அதே கணிப்பில் 64 வீதமானோர் சேதனப் பசளைக்கு மாறும் நோக்கத்தை ஆதரித்தனர் என்பதும், அவ்வாறு ஆதரித்தோரில் பெரும்பான்மையினர் ஓராண்டுக்கு மேற்பட்ட அவகாசத்தைக் கேட்டனர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. பிற்காலத்தில் கமக்காரர் மீது சுமத்தப்பட்ட பிடிவாதக்காரர் என்ற பழி எவ்வளவு அநியாயமானது என்பதை இப்புள்ளிவிபரம் காட்டுகின்றது.

அறுவடைக் காலம் வந்தது. 2020/21 பெரும்போகத்தில் 30.6 இலட்சம் மெட்ரிக் தொன்னாக இருந்த நெல் விளைச்சல், 2021/22 பெரும்போகத்தில் 19.3 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. விதைக்கப்பட்ட பரப்பு பெரிதாகக் குறையவில்லை, விளைவே குறைந்தது. 2021 இல் 51 இலட்சம் தொன்னாக இருந்த முழு ஆண்டு விளைச்சல் 2022 இல் 34 இலட்சம் தொன்னாயிற்று. தேயிலை உற்பத்தி 29.9 கோடி கிலோவிலிருந்து 25.1 கோடி கிலோவாகச் சரிந்தது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் சேர்ந்துகொண்டமையால் தேயிலையின் வீழ்ச்சி முழுவதையும் பசளையின் தலையில் கட்டிவிட முடியாது. பெரும்போக நெல்லின் வீழ்ச்சிக்கோ அவ்வாறான சாட்டு எதுவும் இல்லை. அந்நெல் வளர்ந்த மாதங்களில் பெற்றோல் வரிசைகள் இன்னும் தோன்றியிருக்கவில்லை.

டொலர்க் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். பெரும்போகத்தில் இழந்த 11.3 இலட்சம் தொன் நெல்லைக் குற்றினால் நூற்றுக்கு அறுபத்தைந்து என்ற கணக்கில் சுமார் 7.3 இலட்சம் தொன் அரிசி கிடைத்திருக்கும். தொன் ஒன்றுக்கு 400 டொலர் என்று வைத்தால் அதன் பெறுமதி 290 மில்லியன் டொலர். ஒரே பயிரின் ஒரே போகத்தில் ஏற்பட்ட இழப்பு, எல்லாப் பயிர்களுக்குமான ஓராண்டுப் பசளை இறக்குமதிச் செலவான 260 மில்லியனை விஞ்சிவிட்டது. தேயிலையில் குறைந்த 4.8 கோடி கிலோவுக்குக் கிலோ ஒன்று 5 டொலர் வீதம் மதிப்பிட்டால் மேலும் 240 மில்லியன். அதில் பாதியை மட்டும் பசளைத் தடையின் கணக்கில் எழுதினாலும் அது சிறிய தொகையன்று. பின்னர் நடந்தது இதனினும் வேதனையானது. 2022 சிறுபோகத்துக்காக இந்தியாவிடம் 55 மில்லியன் டொலர் கடன் பெற்று 65,000 தொன் யூரியா கொண்டுவரப்பட்டது. தொன் ஒன்றின் விலை ஏறக்குறைய 850 டொலர். 2020 இல் உலகச் சந்தையில் யூரியாவின் சராசரி விலை 230 டொலர் அளவில் இருந்தது.

உள்நாட்டுக் கணக்கிலும் இதே கதைதான். மானியச் செலவை ஒழிக்க எண்ணிய அரசாங்கம், விளைச்சலை இழந்த நெற்செய்கையாளருக்கு 40 பில்லியன் ரூபா இழப்பீடு வழங்குவதாக 2022 ஜனவரியில் அறிவித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவது இடைநிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. இந்த ஏற்றத்துக்கு ரூபாவின் வீழ்ச்சியும் உலக விலைகளும் முக்கிய காரணங்கள் என்பது உண்மையே. ஆனால் சொந்த நெல் களஞ்சியத்தில் இருந்திருந்தால், ரூபா வீழ்ந்த வேளையில் அரிசியையும் டொலர் கொடுத்து வாங்கவேண்டிய நிலை எமக்கு ஏற்பட்டிராது.

இந்தச் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவில் விழவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கிண்ணியா, மூதூர், படுவான்கரை, கிளிநொச்சி, மன்னார் ஆகிய பிரதேசங்களில் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே நெல் விளைவிக்கின்றனர். இப்பகுதிகளில் விதைப்புச் செலவு பெரும்பாலும் கடனாகவே திரட்டப்படுகின்றது. நகை அடகுக் கடைக்குப் போகும். அல்லது பசளைக் கடைக்காரரிடம் கடனாகப் பெற்று, அறுவடையில் நெல்லாகக் கொடுக்கப்படும். விளைச்சல் பாதியானால் வருமானம் பாதியாவதில்லை. உழவுக் கூலியும் வெட்டுக் கூலியும் குத்தகையும் கடனும் வட்டியும் அப்படியே நிற்க, மிச்சமே இல்லாமற் போகின்றது. மலையகத்தில் 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதனை முழுமையாகப் பெறுவதற்குத் தோட்ட நிர்வாகங்கள் நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என அளவு விதித்திருந்தன. பசளை காணாத செடியில் கொழுந்து அருகும்போது அந்த அளவை எட்ட முடியாதவர் பெண் தொழிலாளியே. தடையை விதித்தவர்களின் கணக்கில் இத்தொழிலாளியின் அரைநாட் பேர் எங்கும் இடம்பெற்றிருக்கவில்லை.

அப்படியாயின் தடை என்பதே தவறான கருவியா? அவ்வாறு முடிவு கட்டுவதும் பிழையாகும். இதே நாட்டில் தடையொன்று பெரும் வெற்றியளித்த வரலாறு உண்டு. மிகக் கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பீடைநாசினிகளின் இறக்குமதி 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் தடை செய்யப்பட்டன. 1995 இல் இலட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை வீதம் 2005 இல் 24 ஆகக் குறைந்தது. விளைச்சல் அதனால் பாதிக்கப்படவில்லை என்பதையும் ஆய்வுகள் உறுதி செய்தன. உலகின் பல நாடுகள் இன்று எடுத்துக்காட்டும் கொள்கை இது. நஞ்சு குறைந்த மாற்று மருந்துகள் அதே கடையில், அதே விலையளவில் கிடைத்தன. தீங்கோ ஒரு போத்தலிலேயே உயிரைப் பறிப்பதாக இருந்தது.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை 1974 இல் மார்ட்டின் வைட்ஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் விளக்கியிருந்தார். ஒரு பொருளின் அளவு சற்றுக் கூடினாலும் தீங்கு செங்குத்தாக ஏறுமாயின் அளவைக் கட்டுப்படுத்துவதே பாதுகாப்பானது. அதற்கு மாறாக, அப்பொருளைக் குறைப்பதற்கான செலவு செங்குத்தாக ஏறி, தீங்கு மட்டும் மெதுவாக ஏறுமாயின் விலையின் மூலம் கட்டுப்படுத்துவதே நன்று. கொடிய பீடைநாசினி முதலாவது வகையைச் சேர்ந்தது. யூரியாவோ இரண்டாவது வகை. கிணற்று நீரில் நைத்திரேற்று பல ஆண்டுகளாகச் சேர்ந்து வருவது. ஒரு போகம் பசளையை நிறுத்துவதால் அடுத்த ஆண்டே கிணறு தூய்மையாகிவிடாது. ஆனால் அந்த ஒரு போகத்தின் விளைச்சல் உடனடியாக வீழ்ந்துவிடும். தேவைக்கு மேல் இடப்படும் கடைசி மூடையைக் குறைப்பதற்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. முதலாவது மூடையை நிறுத்துவதற்கோ ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமே விலை.

இதில் நகைமுரண் ஒன்றும் உண்டு. 2019 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் அனுசரணையுடன் கொழும்பிலேயே கூடிய நாடுகள், நைதரசன் வீணாவதை 2030 க்குள் பாதியாகக் குறைப்பதென்று கொழும்புப் பிரகடனத்தை வெளியிட்டன. அதன் இலக்கு பயிருக்குச் சேராமல் காற்றிலும் நீரிலும் கலக்கும் நைதரசனைக் குறைப்பதே. ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுதல், மண் பரிசோதனைக்கேற்ப இடுதல், நெற்பயிரின் இலை நிறத்தை அட்டையுடன் ஒப்பிட்டுத் தேவையறிந்து இடுதல், எருவையும் யூரியாவையும் கலந்து பயன்படுத்துதல் என அதற்கான வழிகள் எமது விவசாய ஆராய்ச்சியாளர்களுக்குப் புதியவையல்ல. எமது தலைநகரின் பெயரைத் தாங்கிய பிரகடனத்தை நாமே மறந்து, பதினெட்டு மாதங்களுக்குப் பின் முழுத் தடைக்குத் தாவினோம்.

தடைக்குப் பின்னரான ஆண்டுகளில் மானியம் மீண்டும் பணமாக வழங்கப்படலாயிற்று. 2023/24 பெரும்போகத்தில் ஹெக்டேயருக்கு 15,000 ரூபா. 2024/25 பெரும்போகத்தில் 25,000 ரூபா. பொருளியல் நோக்கில் இது மூடை மானியத்தை விட மேலானது. மூடை மலிவாகும்போது அதனைக் கூடுதலாக இடும் ஆசை பிறக்கின்றது. பணம் கையில் வரும்போது பசளையின் உண்மையான விலையும் கண்முன் நிற்பதால், ஒரு மூடையைக் குறைக்கும் கமக்காரர் அந்தப் பணத்தைத் தமதாக்கிக்கொள்கின்றார். அவரது வருமானத்துக்கு உதவி கிடைக்கின்றது. யூரியாவுக்கு அவ்வுதவி கிடைப்பதில்லை. பிகூ கூறிய வரியை விதிக்க எந்த அரசாங்கமும் துணியாத நாட்டில், இதுவே அதற்கு மிக நெருங்கிய வழியாகும்.

ஆயினும் இதிலும் ஓட்டைகள் உண்டு. கொடுப்பனவு பெரும்பாலும் காணியின் பதிவைப் பார்த்துக் கொடுக்கப்படுகின்றது. கிழக்கில் போடியாரிடமும் தூரத்தில் வாழும் காணி உரிமையாளரிடமும் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர்கள் ஏராளம். போரினால் உறுதிகளை இழந்தோரும், இடம்பெயர்ந்து திரும்பியும் அனுமதிப்பத்திரம் கிடைக்காதோரும் வடக்கிலும் மன்னாரிலும் இருக்கின்றனர். இவர்களது பெயர் கமநல சேவை நிலையத்தின் இடாப்பில் இல்லாவிட்டால் பணம் வயலில் இறங்காதவரைச் சென்றடையும். விதைப்பு முடிந்து பயிர் குடலையாகும் வேளையில் வங்கிக்கு வரும் பணம் பசளை வாங்கவும் உதவாது. அப்போது கடைக்காரரின் கடன் ஏற்கெனவே வட்டியுடன் ஏறியிருக்கும். விதைப்புக்கு முன்னரே, செய்கை பண்ணுபவரின் பெயருக்கு, கமக்காரர் அமைப்பின் உறுதிப்படுத்தலுடன் இக்கொடுப்பனவைச் செய்வது நிர்வாக ரீதியில் இயலாத காரியமன்று.

நெல்லுக்கான இக்கொடுப்பனவு குடாநாட்டின் வெங்காயத் தோட்டத்தையோ கற்பிட்டியின் மரக்கறித் தோட்டத்தையோ நோக்கி வகுக்கப்பட்டதன்று. கிணறுகள் மாசடைவதோ அங்கேதான். அந்நிலங்களுக்கு வேண்டியது வேறொரு திட்டம். குடிநீர்க் கிணறுகளின் நைத்திரேற்று அளவை மாரிக்கு முன்னரும் பின்னரும் ஒழுங்காகப் பரிசோதித்து, முடிவுகளைக் கிராம சேவகர் பிரிவு வாரியாக மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எந்தக் கிணற்றில் என்ன அளவு என்று தெரிந்தால்தான், எந்தத் தாய் பால்மாவுக்கு வேறு நீர் தேட வேண்டும் என்பதும், எந்தத் தோட்டத்தில் யூரியாவைக் குறைக்க விரிவாக்கல் அலுவலர் முதலில் செல்ல வேண்டும் என்பதும் தெரியவரும்.